பத்தாம் எண் திரும்பி வரும்போது

தூத்தூர்

அன்பு மகளுக்கு,

நேற்று இரவு நீ போனை வைத்த பிறகு வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை. நீ பயிற்சி கொடுக்கும் பெண்கள் கால்பந்து அணியில், முழங்கால் காயம் ஆறித் திரும்பி வரும் பத்தாம் எண் பெண்ணை மறுபடி எப்படிச் சேர்ப்பது என்பதுதான் பேச்சு. “ஏழு ஆட்டம் தொடர்ந்து ஜெயித்த அணியில் நான் எதற்கப்பா கை வைக்க வேண்டும்?” என்று கேட்டாய். அதே மூச்சில், “அவள் இல்லாவிட்டால் இந்த அணியே உருவாகியிருக்காது” என்றும் சொன்னாய். இரண்டும் உண்மைதான். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

ஜெயிக்கிற அணியைத் தொடக் கூடாது என்று உன்னிடம் பலரும் சொல்லியிருப்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் 1966 உலகக் கோப்பையைத்தான் சாட்சிக்கு இழுப்பார்கள். இங்கிலாந்தின் கோல் நம்பிக்கை முழுவதும் ஜிம்மி கிரீவ்ஸ் மேல் இருந்தது. பிரான்சுக்கு எதிரான ஆட்டத்தில் அவருடைய கால் கிழிந்து 14 தையல் போட்டார்கள். அவர் இடத்தில் இறங்கிய ஜெஃப் ஹர்ஸ்ட், கால் இறுதியில் அர்ஜென்டினாவை வீழ்த்திய ஒரே கோலைத் தலையால் முட்டிப் போட்டார். இறுதி ஆட்டத்துக்குள் கிரீவ்ஸ் தேறிவிட்டார். பயிற்சியாளர் ஆல்ஃப் ராம்சே அணியைக் கலைக்கவில்லை. ஹர்ஸ்ட் மூன்று கோல் அடித்தார், மேற்கு ஜெர்மனியை 4-2 என்று வென்றார்கள்.

ஆனால் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அன்றைக்கு உலகக் கோப்பையில் மாற்று ஆட்டக்காரரை இறக்கும் விதியே கிடையாது. அது 1970இல்தான் வந்தது. ராம்சே கிரீவ்ஸைத் தொண்ணூறு நிமிடமும் ஆடவிட வேண்டும், இல்லையென்றால் ஒரு நிமிடம்கூட விடக் கூடாது. நடுவில் வேறு வழியே இல்லை. உனக்கு அந்த நடு வழி இருக்கிறது. இன்னொன்று, அன்று களத்தில் இறங்கிய பதினொரு பேருக்குத்தான் பதக்கம் கொடுத்தார்கள். கிரீவ்ஸுக்கு அது கிடைத்தது 2009இல். நாற்பத்து மூன்று வருடம். ராம்சே செய்தது தவறென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கதையை எடுத்துவந்து உன் கையைக் கட்டிப்போட யாரையும் விடாதே.

உன் நிலைமைக்குப் பொருந்துவது நீயே எனக்குக் காட்டிய ஸ்பெயின் வீராங்கனை அலெக்சியா புட்டெயாஸ். 2022 ஜூலையில், ஐரோப்பியக் கோப்பை தொடங்குவதற்கு முந்தின நாள், பயிற்சியில் அவருக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. உன் பத்தாம் எண் பெண்ணுக்குக் கிழிந்த அதே ஏ.சி.எல். தசைநார். அப்போது உலகின் சிறந்த வீராங்கனை அவர்தான். அவர் இல்லாமலே அவருடைய கிளப் அணியான பார்சிலோனா ஜெயித்துக்கொண்டே போனது. அவர் திரும்பியது ஏறத்தாழ பத்து மாதம் கழித்து, 2023 ஏப்ரல் 30 அன்று, மாற்று ஆட்டக்காரராக. லீக் பட்டம் உறுதியான நாள் அது. பதற்றமே இல்லாத ஒரு நாளைப் பார்த்து அவரை இறக்கினார்கள். அடுத்து ஜூனில் ஐரோப்பிய கிளப் அணிகளுக்கான இறுதி ஆட்டம். வோல்ஃப்ஸ்பர்க்கிடம் 0-2 என்று பின்தங்கியிருந்து 3-2 என்று வென்றார்கள். அதிலும் அவருக்குக் கடைசி நிமிடங்கள்தான். அந்த ஆகஸ்டில் உலகக் கோப்பை அரை இறுதியில் அவரை முதலிலிருந்து ஆடவிட்டு 57ஆம் நிமிடத்தில் வெளியே எடுத்தார்கள். அவருக்குப் பதிலாக இறங்கிய சல்மா பராயுவெலோ கோல் அடித்தார். இறுதி ஆட்டத்தில் புட்டெயாஸுக்கு மறுபடியும் பெஞ்ச், மறுபடியும் கடைசி நிமிடங்கள். அடுத்த வருடம், 2024 மே மாதம், லியோனுக்கு எதிரான ஐரோப்பிய இறுதியில் கடைசி நேரத்தில் இறங்கினார். இறங்கிய சில நிமிடங்களில் கோல். அந்த ஆட்டத்தை நீ பார்க்கச் சொன்னாய். சட்டையைக் கழற்றிக்கொண்டு அவர் ஓடியபோது உன் அம்மா அழுதாள், நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். உலகிலேயே சிறந்தவருக்கு அவ்வளவு காலம் பிடித்தது, மக்களே. உன் பெண்ணுக்கு மூன்று வாரத்தில் நடக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதே.

இனி, உனக்கு நான் இதுவரை சொல்லாத ஒன்று. எனக்கு முழங்கால் போன கதை உனக்குத் தெரியும். திரும்பி வந்த கதை தெரியாது.

அப்போது எனக்கு 22 வயது. கடற்கரை மணலில் திரும்பும்போது கால் மாட்டி முழங்கால் பிசகியது. எண்ணெயும் கட்டும் போட்டு மூன்று மாதம் திண்ணையில் கிடந்தேன். என் இடத்தில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் ஆடினான். என்னைவிட வேகமாக ஓடுவான். அவனை வைத்தே அணி இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டது. முந்தின நாள் சாயங்காலம் எங்கள் பயிற்சியாளர் வீட்டுக்கு வந்து, “வலிக்கிறதா?” என்று ஒரே கேள்வி கேட்டார். “இல்லை” என்றேன். காலையில் சுவரைப் பிடிக்காமல் என்னால் படி இறங்க முடியாது. ஆனாலும் இல்லை என்றேன்.

மறுநாள் மைதானத்தில் அந்தப் பையன் காலுறையை முழங்கால் வரை இழுத்துவிட்டு, பூட்ஸ் நாடாவை இரண்டு முடிச்சுப் போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தான். பயிற்சியாளர் சட்டைகளைக் கொடுத்துக்கொண்டே வந்து, அவனுக்கு வர வேண்டிய சட்டையை என் மடியில் போட்டுவிட்டுப் போனார். அவனிடம் ஒரு வார்த்தை இல்லை. அவன் குனிந்து அந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தான். நான் பார்த்துக்கொண்டே சட்டையை மாட்டினேன். இருபதாவது நிமிடத்தில் ஒரு பந்துக்குத் திரும்பினேன், முழங்கால் வழிவிட்டது. இரண்டு கோல் வாங்கித் தோற்றோம். அடுத்த பருவத்துக்கு அந்தப் பையன் வரவே இல்லை, விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போய்விட்டான். தோற்றதை நான் எப்போதோ மறந்துவிட்டேன். அந்த முடிச்சுகளை அவன் அவிழ்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆகவே முதலில், அவள் வலியில்லை என்று சொல்வதை நம்பாதே. அவள் பொய்க்காரி என்று சொல்லவில்லை. ஆட வேண்டும் என்ற ஆசை அப்படித்தான் பேசும். அவளுக்கு ஒன்பது மாதம் முடிந்துவிட்டது என்றாய், நல்லது. அதற்கு முன்னால் இறங்குகிறவர்களுக்கு மறுபடி கிழிவது அதிகம் என்று உங்கள் பிசியோ சொன்னதாக எழுதியிருந்தாய். ஒற்றைக் காலில் நொண்டியடித்துத் தாண்டச் சொல்லி இரண்டு காலின் தூரத்தையும் அளக்கும் சோதனையை நீ பக்கத்தில் நின்று பார். காயம்பட்ட கால் மற்றக் காலின் தூரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறாவது போக வேண்டும் என்கிறார்கள். அது தேறினாலும் பயிற்சியில் இன்னொன்றைக் கவனி. பந்துக்காக இன்னொருத்தியோடு மோதப் போகும்போது கடைசி நொடியில் காலை உள்ளே இழுத்துக்கொள்கிறாளா? இழுத்துக்கொண்டால் பயம் இன்னும் போகவில்லை. பயந்த கால்தான் மறுபடி மாட்டும்.

அவள் படுத்திருந்த காலத்தில் உன் அணி மாறிவிட்டது. முன்பெல்லாம் எல்லாப் பந்தும் நடுவில் அவள் காலைத் தொட்டுத்தான் போகும். இப்போது அவள் இடத்தில் ஆடும் பதினேழாம் எண் பெண் ஓட, ஓரத்தில் இருப்பவர்கள் நேராகப் பந்தை அவளுக்கு முன்னால் போடுகிறார்கள். இதை வெளியிலிருந்து பார்த்துப் பத்தாம் எண்ணுக்குப் புரிந்திருக்காது. பயிற்சி ஆட்டத்தில் ஒரு வாரம் அவளை எதிர்ப்பக்கத்தில் நிறுத்து. தன் அணியையே எதிர்த்து ஆடட்டும். எங்கே இடம் திறக்கிறது, யார் எப்போது ஓடுகிறார்கள் என்பதைத் தடுக்கப் போய்த்தான் கற்றுக்கொள்வாள். பிறகு அவளாகவே வந்து, தான் எங்கே நிற்க வேண்டும் என்று உன்னிடம் சொல்வாள். அவ்வளவு அறிவு அந்தப் பெண்ணுக்கு உண்டு.

அரை இறுதியில் கடைசி இருபது நிமிடம் கொடு, அதுவும் நீங்கள் முன்னிலையில் இருந்தால். பின்தங்கியிருக்கும்போது அவளை இறக்கினால், தான் ஒருத்தியே காப்பாற்ற வேண்டும் என்று எல்லாப் பந்துக்கும் பாய்வாள். அந்த ஆவேசத்தை அந்த முழங்கால் இப்போது தாங்காது. கேப்டன் பட்டையை இப்போதைக்கு யார் கையில் இருக்கிறதோ அங்கேயே விடு. கார்னர் உதைப்பதை வேண்டுமானால் அவளுக்குக் கொடு. ஓடாமல் செய்யக்கூடிய வேலை அது, அணியில் யாரைவிடவும் அவள் அதை நன்றாகச் செய்வாள்.

பதினேழாம் எண்ணிடம் நீயே போய்ப் பேசு. உதவியாளர் மூலம் சொல்லி அனுப்பாதே, செல்போனில் செய்தி போடாதே. அவளுடைய இடம் அவள் ஆடிச் சம்பாதித்தது, இந்தப் போட்டி முடியும்வரை அது அவளுடையது என்று வாய்விட்டுச் சொல். பத்தாம் எண்ணிடமும் அதையே சொல், ஒருத்திக்கு ஒன்று இன்னொருத்திக்கு வேறொன்று என்று சொல்லாதே. அவள் அழுதால் அழட்டும், பக்கத்தில் உட்கார்ந்திரு. ஆட்டத்துக்கு முந்தின இரவு வரை தள்ளிப்போடாதே. வியாழக்கிழமைப் பயிற்சிக்கு முன்பே முடித்துவிடு.

பேசி முடித்ததும் எனக்குப் போன் செய். எத்தனை மணியானாலும் பரவாயில்லை, பக்கத்திலேயே வைத்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு நானும் அம்மாவும் சனி இரவு பஸ்ஸில் வருகிறோம். உங்கள் அணியின் பெஞ்சுக்குப் பின்னால் இடம் கிடைத்தால் பிடித்து வை. அந்த இரண்டு பெண்களையும் நான் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா