குடல் அழற்சி: வலி நின்றால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குழந்தைகளுக்கு வரும் நாள்பட்ட குடல் அழற்சி பற்றித் தங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரை, வலியும் பேதியும் நின்றுவிட்டால் நோய் அடங்கிவிட்டதாகக் கொள்ளலாம் என்ற தொனியில் எழுதப்பட்டிருந்தது. பெருங்குடலில் புண் உண்டாக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிசுக்கு இது பெருமளவு பொருந்தும். இதே அழற்சியின் மற்றொரு வகையான குரோன் நோய்க்குப் பொருந்தாது என்பதைக் குழந்தை நல மருத்துவர் என்ற முறையில் தெரிவிக்க விரும்புகிறேன்.

கொலைட்டிசின் தீவிரத்தை அளக்க, டொரான்டோ மருத்துவர்கள் 2007இல் வெளியிட்ட பி.யூ.சி.ஏ.ஐ. என்ற மதிப்பெண் முறை இருக்கிறது. வயிற்றுவலி, மலத்தில் இரத்தம், மலத்தின் தன்மை, நாளைக்கு எத்தனை முறை, இரவில் எழுந்து போக நேர்கிறதா, வழக்கம்போல் ஓடியாடுகிறதா என்ற ஆறு கேள்விகள்தான். ஊசியும் இல்லை, குழாயும் இல்லை. மொத்தம் 85 மதிப்பெண்ணில் இரத்தப்போக்குக்கு மட்டுமே 30 வரை உண்டு. 10க்குக் கீழே இருந்தால் நோய் அடங்கியிருக்கிறது. 65ஐத் தொட்டால் கடுமை. மருத்துவமனையில் சேர்த்து ஸ்டீராய்டு ஏற்றியும் மூன்றாம் நாள் 45க்கு மேல் நின்றால், அடுத்த கட்ட மருந்துக்கு ஆயத்தமாக வேண்டும் என்கிற அளவுக்கு இந்த எண் சிகிச்சையையே வழிநடத்துகிறது.

ஆனால் கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பள்ளிக் கழிப்பறைக்கு அஞ்சி, காலையில் சாப்பிடாமலே கிளம்பி, மாலை வரை அடக்கிக்கொள்ளும் பிள்ளை "ரெண்டு தடவைதான் டாக்டர்" என்று சொல்லும். ஞாயிற்றுக்கிழமைக் கணக்கைத் தனியாகக் கேட்டால் ஐந்தாறு என்று வரும்.

குரோன் நோயில் சிறுகுடலும் பாதிக்கப்படலாம் என்பதால் கேள்விகள் மட்டும் போதா. அந்நோய்க்கென 1991இல் வந்த பி.சி.டி.ஏ.ஐ. என்ற மதிப்பெண் முறை இரத்தப் பரிசோதனை, எடை, உயரம் கூடும் வேகம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டது. அப்படியிருந்தும், மதிப்பெண் குறைவாக இருக்கும் குழந்தைக்குக் கொலனோஸ்கோப்பியில் (குழாய் செலுத்திக் குடலைப் பார்க்கும் பரிசோதனை) புண்கள் தெரிவது அரிதன்று. குடலில் அழற்சி இருக்கையில் வெள்ளணுக்கள் வெளிவிடும் கால்புரோடெக்டின் என்ற புரதத்தை மலத்தில் அளப்பது இங்கேதான் கைகொடுக்கிறது. கிருமித்தொற்றிலும் அது உயரும், கைக்குழந்தைகளுக்கு இயல்பாகவே கூடுதலாக இருக்கும். எனவே ஒரே ஒரு முடிவை வைத்து மருந்தை மாற்றாமல், தொடர்ந்து எடுத்து ஒப்பிட வேண்டும். கட்டணம் பல குடும்பங்களுக்குச் சுமைதான் என்றாலும், மயக்க மருந்து கொடுத்துக் குழாய் செலுத்துவதை இது பல முறை தள்ளிப்போட உதவும்.

செலவே இல்லாத அளவுகோல் உயரம்தான். குடலில் அழற்சி நீடித்தால் வளர்ச்சி நின்றுபோகும். ஸ்டீராய்டை நீட்டினாலும் அதே கதிதான். பருவமடைந்து எலும்பு முற்றிய பிறகு இழந்த உயரத்தை மீட்க இயலாது. ஆகவே பெற்றோர், பழைய தடுப்பூசி அட்டையையோ, பள்ளியில் உயரம் குறித்த பதிவேட்டின் நகலையோ மருத்துவரிடம் தவறாமல் கொண்டுவர வேண்டும் என்பதையும் அக்கட்டுரையின் தொடர்ச்சியாகத் தாங்கள் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
குழந்தை நல மருத்துவர் ஒருவர்,
மதுரை.