உப்பு: தேவையான அளவு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் விலை உயர்ந்த உப்புகளை ஒப்பிட்டு நாலு பக்கம் போட்டிருந்தீர்கள். படங்கள் அருமை. ஆனால் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: ‘கல் உப்பு ஜாடியை இனி கொல்லைப்புறத்துக்கு அனுப்பிவிடலாம்.’ அந்த வரியோடு இதழை மூடி வைத்தவள்தான். குறுக்கெழுத்துகூட அப்படியே கிடக்கிறது.

நான் தூத்துக்குடிக்காரி. அப்பா உப்பளத்தில் வாருபலகை பிடித்தவர். உப்புத் தண்ணீரில் நின்று நின்று குதிகால் வெடித்து, ராத்திரி விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். காற்று அடங்கிய சில சாயங்காலங்களில் பாத்தியின் மேலே பாலாடை மாதிரி மெல்லிசாக உப்பு மிதக்கும். அதைக் கையால் ஒதுக்கி எடுத்து வந்து மாங்காய்க் கீற்றில் தூவித் தருவார். பல்லில் நறுக்கென்று உடையும், உடனே கரைந்துவிடும். பிரான்சில் கெராந்த் பக்கம் இப்படி மேலாக வழித்தெடுப்பதைத்தான் ‘உப்பு மலர்’ என்று உங்கள் கட்டுரையாளர் உருகியிருக்கிறார். உருகட்டும், நல்ல உப்புதான். அங்கே வாருகிறவரின் படம்கூட அரைப் பக்கத்துக்கு வந்திருக்கிறது. எங்கள் ஊர்ப் பெயர் நாலு பக்கத்தில் ஓரிடத்திலும் இல்லை.

1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துபோய் வேதாரண்யத்தில் அள்ளியது எந்த உப்பு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வருஷா வருஷம் அதற்குச் சிறப்புக் கட்டுரை போடுகிறவரே நீங்கள்தானே.

அப்புறம் அந்த இளஞ்சிவப்பு உப்பு. 84 தாதுக்களாம். கிட்டத்தட்ட 98 சதவீதம் நம் ஜாடியில் இருக்கும் அதே சோடியம் குளோரைடுதான். நிறம் வந்தது இரும்பினால். இரும்புச்சத்துக்கு முருங்கைக்கீரை இல்லையா? பெயர் இமயமலை, தோண்டுவது பாகிஸ்தான் பஞ்சாபில் உள்ள கேவ்ராச் சுரங்கத்தில். இதே வகைப் பாறை உப்பைத்தான் எங்கள் ஆச்சி நாட்டு மருந்துக் கடையில் இந்துப்பு என்று கேட்டுப் பொட்டலமாக வாங்கி வருவாள். குப்பியும் கிடையாது, கதையும் கிடையாது.

வாயால் மட்டும் பேசவில்லை. மகன் வாங்கி வந்த சிவப்பு உப்பை ஒரு கிண்ணம் ரசத்திலும், கல் உப்பை இன்னொன்றிலும் ஒரே எடை போட்டு வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். இரண்டையும் குடித்துவிட்டு, புளி கம்மி என்றார். மால்டன் என்ற இங்கிலாந்துக் கடலுப்பு வில்லைகளை வெள்ளரிப் பிஞ்சில் தூவினால் சுகமாக இருக்கிறது, மறுக்கவில்லை. சாம்பாரில் போட்டால் கரைவது காசு. கந்தக வாடை அடிக்கும் கறுப்பு உப்பை நீர்மோருக்கு நானே போடுவேன். இதையெல்லாம் சொல்லியிருந்தால் ஒப்பீடு. அயோடின் பற்றி ஒரு சொல்லாவது வேண்டாமா? நான் வாங்கும் கல் உப்பே அயோடின் சேர்த்த பாக்கெட்தான்.

தேங்காய் எண்ணெய் கொழுப்பு என்று பயமுறுத்தியதும் உங்கள் இதழ், பிறகு அதையே அமிர்தம் என்றதும் உங்கள் இதழ். போன தீபாவளிக்கு அதைக் கேட்டு எழுதிய என் கடிதத்தில் ‘இதழ் நன்றாக இருக்கிறது’ என்ற ஒரு வரியை மட்டும் பிரசுரித்தீர்கள். நன்றி.

இவ்வளவு உப்பு ஞானம் உள்ளவர்கள் உங்கள் சமையல் குறிப்புகளில் எழுதுவது என்ன? ‘உப்பு: தேவையான அளவு.’ அளவு தெரிந்தவள் குறிப்பை ஏன் பார்க்கப்போகிறாள்? ஒரே ஒரு தடவை, மாங்காய் ஊறுகாய்க்கு ‘1 கப்’ என்று போட்டீர்கள். கல்லா தூளா என்று இல்லை. என் மருமகள் தூள் உப்பைத் தலைதட்டிப் போட்டுவிட்டாள். கல் உப்பில் இடைவெளி இருக்கும், தூள் அடைத்துக்கொண்டு எடை கூடும்; அவளுக்கு அது எப்படித் தெரியும்? பத்து மாங்காய் கரித்துப்போய்க் குப்பைக்குப் போனது. பாவம், அன்றைக்கு அவள் சாப்பிடவே இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். இனிமேல் குறிப்புகளில் உப்பை கிராமில் போடுங்கள். கல்லா தூளா என்றும் சொல்லுங்கள். அரை வரி இடம் போதும். எதிர்ப்பக்கத்தில் வந்த அந்தச் சிவப்பு உப்பு விளம்பரத்தைக் கொஞ்சம் சுருக்கினால் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
22 வருஷச் சந்தாதாரர்,
தூத்துக்குடி