அப்பம்மாவின் காலைக் குளிசை

வெள்ளவத்தை
ஞாயிறு காலை

அன்புள்ள மகளுக்கு,

நேற்றுக் கதைக்கும்போது "மூன்று மாதமா அறுபத்திரண்டிலேயே நிக்குது அப்பா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். அம்மா அதை உன் நிறை என்று நினைத்து, "நல்லது, பிள்ளை கொஞ்சம் உடம்பு வைச்சிருக்கிறாள்" என்று சந்தோஷப்பட்டாள். நான் வாசலில் கிடந்த செருப்பைக் காட்டித்தான் விளங்கப்படுத்தினேன். நீ ஆய்வுகூடத்தில் செய்கிற இரசாயனச் சேர்வை இரண்டு வடிவத்தில் வரும், வலச்செருப்பும் இடச்செருப்பும் மாதிரி. நூற்றில் 81 ஒரு கால், 19 மற்றக் கால், வித்தியாசம் 62. "அப்ப 19 செருப்பு வீணோ?" என்று கேட்டாள். அவ்வளவுதான் விஷயம்.

அப்பம்மாவின் பார்க்கின்சன் நடுக்கத்துக்குக் காலையில் லெவோடோபாக் குளிசை கொடுப்பது இப்போது என் வேலை. சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்பே கொடுத்துவிடுவேன். மீனும் பருப்பும் கூடப் போனால் மருந்து சரியாகச் சேராது. அந்த நேரம் தேத்தண்ணிக் கோப்பை தட்டில் கடகடவென்று அடிக்கும், குசினிவரை கேட்கும். முக்கால் மணித்தியாலத்தில் சத்தம் நின்றுவிடும். பிறகு தன் சேலைக்குத் தானே ஊசி குத்துவா.

முப்பது வருடம் பாமசியில் நின்று லெவோடோபாப் பெட்டியை எத்தனை தரம் எடுத்துக் கொடுத்திருப்பேன்! லெவோ என்றால் இடம் என்று பரீட்சைக்குப் படித்ததுதான். அந்த ஒரு பக்கத்தை மட்டும் எப்படிச் செய்தெடுக்கிறார்கள் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. நீ சொன்ன பிறகுதான் தேடி வாசித்தேன். 1967இல் கொட்சியாஸ் என்ற வைத்தியர் இரண்டு பக்கமும் கலந்த டோபாவைக் கொடுத்துப் பார்த்தாராம். நடுக்கம் குறைந்தது, ஆனால் சிலருக்கு வெள்ளைக் குருதிக்கலங்களும் குறைந்தன. பிறகு இடப்பக்கத்தை மட்டும் கொடுத்தார்கள். அதை மொன்சான்டோக் கம்பனியில் ரோடியம் என்ற உலோக ஊக்கியால் செய்து காட்டியவர் வில்லியம் நோல்ஸ்.

அவருடைய கணக்கைப் பார், மகள். 1968இல் அவருக்குக் கிடைத்த வித்தியாசம் 15. உன்னுடையதில் கால்வாசி! ரோடியத்தோடு சேர்க்கும் பொஸ்பீன் என்ற பொசுபரசுச் சேர்வையை மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் 95க்கு வந்தார். 1986இல் ஓய்வு பெற்றுவிட்டார். 2001இல் நொயோரி, ஷார்ப்லெஸ் இருவரோடு நோபல் பரிசு வந்தபோது வயது 84.

ஹல்பேர்ன் என்ற இரசாயனவியலாளர் கண்டுபிடித்ததாக நீ சொன்ன கதைதான் எனக்கு இன்னும் பிடித்தது. ஊக்கியில் வசதியாகப் போய் உட்காருகிற வடிவம் அப்படியே கிடக்கும், சங்கடப்பட்டு ஒட்டிக்கொண்டிருப்பதுதான் ஐதரசனைச் சட்டென்று வாங்கிக்கொண்டு போகும் என்றாய். காலி வீதியில் 100ஆம் நம்பர் பஸ்ஸில் நான் தினமும் பார்த்ததுதானே! சீற் கிடைத்தவர் பம்பலப்பிட்டியில் நித்திரை, மிதிபலகையில் தொங்கியவர் முதலில் இறங்கிப் போய்விடுவார். ஆகவே உன் குடுவையில் குறைவாகத் தெரிகிறதுதான் வேலை செய்கிறதோ என்னவோ. ஓய்வு பெற்ற பாமசிக்காரன் பேச்சு, பேராசிரியரிடம் சொல்லிவிடாதே.

ஒன்றை எழுதியே ஆக வேண்டும். மருத்துவ பீடத்துக்குக் கொஞ்சப் புள்ளியில் தவறியபோது நீ திரும்ப எடுக்க மாட்டேன் என்றாய். "இரசாயனம் படிச்சுச் சோப்புக் கம்பனிக்குப் போகப் போறியா" என்று ஆட்களுக்கு முன்னால் கேட்டேன். நீ அன்று பதில் பேசவில்லை, இரவு சாப்பிடவும் இல்லை. ராஜகிரியவில் உன் வகுப்பு நடந்த 'அடமன்டேன் ஹவுஸ்' கூட யாரோ வெள்ளைக்காரத் துரையின் பெயர் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அது ஒரு மூலக்கூறு என்று நீ சொல்லிச் சிரித்த நாளில்தான் நாம் திரும்ப ஒழுங்காகக் கதைக்கத் தொடங்கினோம். அந்தச் சோப்புக் கதைக்கு நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

அப்பம்மாவுக்கு நோல்ஸ் கதையைச் சொன்னேன். "அந்த மனிசன் நல்லாயிருக்கட்டும்" என்றா. 2012இல் போய்விட்டார் என்று சொல்ல மனம் வரவில்லை.

அம்மா பார்சல் கட்டுகிறாள். மிளகாய்த்தூள், ஒடியல்மா, ஒரு கிலோ பழப்புளி. ஒரு பக்கத்தைக் கூடுதலாகச் செய்தெடுக்க ஷார்ப்லெஸ் 1980இல் டைட்டேனியத்தோடு சேர்த்த தார்த்தரேற்று, பழப்புளியில் இருக்கிற அமிலத்தின் பிள்ளைதான் என்று அவளிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அதனால் இன்னொரு அரைக்கிலோ கூடிவிட்டது. விதை எடுக்காத புளி, ரசத்துக்குக் கரைக்கும்போது வடிவாக வடித்துக்கொள்.

அன்புடன்,
அப்பா