அசிஸ்டண்ட் கோச் ஆகப் போற என் அக்கா மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

அக்கா நேத்து போன்ல சொன்னா, அமெரிக்கால ஒரு காலேஜோட ரைஃபிள் டீம்ல, அதான் துப்பாக்கி சுடுற போட்டிக்கான டீம்ல, உனக்கு அசிஸ்டண்ட் கோச் வேலைக்கு ஆஃபர் வந்திருக்குன்னு. குரல்ல சந்தோஷம் பாதி, பயம் பாதி. பக்கத்துல இருந்து அத்தான் "அக்கவுண்டிங் படிச்ச பிள்ளைக்கு இது ஒரு வேலையா"ன்னு கேட்டதும் காதுல விழுந்துச்சு. உன்கிட்ட போன்லயே பேசிருக்கலாம் தான், ஆனா உன்ன மாதிரியே நாலு வருஷம் சுட்டு முடிச்சிட்டு அடுத்து என்னன்னு நிக்குற பிள்ளைங்களும் அவங்க வீட்டு பெரியவங்களும் இருக்காங்க, இந்த வேலைன்னா என்னன்னு அவங்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் கிடையாது, அதான் பொதுவுல எழுதுறேன். மெதுவா படி, புரியாத இடத்துல என்கிட்ட கேளு.

என் முடிவ முதல்லயே சொல்லிடுறேன். போ. ஆனா சுடுறதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் கிடைச்சிருக்குன்னு நெனச்சு போகாத. ஜூனியர் கிளப் ரேஞ்ச்ல நான் உதவிக்கு நின்ன வருஷங்கள்ல இந்த வேலைக்கு வந்த நிறைய பேர பாத்துட்டேன், நல்லா சுடுற பிள்ளைங்க, காலேஜ் முடிஞ்சும் ரைஃபிள கீழ வைக்க மனசு வராம கோச்சிங் பக்கம் வந்தவங்க. காலைல டீமுக்கு பிராக்டிஸ் குடுத்துட்டு சாயங்காலம் தனக்கு பிராக்டிஸ், லீவு கிடைச்சா தனக்கு மேட்ச். அதுல கொஞ்ச பேருக்கு ரெண்டும் அமைஞ்சது, மத்தவங்க ரெண்டுலயும் அரைகுறையா நின்னு ரெண்டு சீசன்ல வெளிய போய்ட்டாங்க. அவங்க கிட்ட பயிற்சி எடுத்த பிள்ளைங்களுக்கு தான் நஷ்டம் பாப்பா, அந்தப் பிள்ளைங்களுக்கு நாலே வருஷம் தான இருக்கு.

அத்தான் கேக்குற பண விஷயத்த நான் ஒதுக்க மாட்டேன், அவர் கேக்குறது நியாயம். அமெரிக்கா முழுக்க என்சிஏஏ-ல, அதான் காலேஜ் விளையாட்டுகள நடத்துற அமைப்புல, ரைஃபிள் டீம் வெச்சிருக்குற காலேஜ் முப்பதத் தாண்டாது, அதுலயே ராணுவ அகாடமிங்களும் சேத்தி. அப்படின்னா ஹெட் கோச் நாற்காலியும் அவ்வளவு தான். உக்காந்தவங்க இருபது வருஷம் கூட உக்காருவாங்க, வெஸ்ட் வர்ஜீனியால ஜான் ஹேமண்ட் 2006ல ஹெட் கோச் ஆனவரு. ஃபுட்பால் மாதிரி வருஷா வருஷம் ஆள் மாறி கீழ இருக்குறவங்களுக்கு இடம் வர்ற விளையாட்டு இல்ல இது. அசிஸ்டண்ட் சம்பளம் கம்மி, சில இடத்துல கிராஜுவேட் அசிஸ்டண்டுன்னு எடுத்து மாஸ்டர்ஸ் ஃபீஸ கட்டிட்டு கைல கொஞ்சம் குடுப்பாங்க. ஸ்காலர்ஷிப்பும் அப்படித்தான், ரொம்ப வருஷமா ஒரு டீமுக்கு 3.6 ஸ்காலர்ஷிப் தான் உச்சவரம்புன்னு ரூல் இருந்துச்சு, அத பத்து பிள்ளைங்களுக்கு பிச்சுப் பிச்சு குடுத்தாங்க, உனக்கு கிடைச்சதும் அப்படி ஒரு துண்டு தான்.

இன்னொரு பயமும் இருக்கு, டீமே இல்லாம போறது. வெஸ்ட் வர்ஜீனியா யூனிவர்சிட்டி இந்த விளையாட்டுல அதிக தடவ சாம்பியன் ஆன காலேஜ், அங்கயே 2003ல செலவக் குறைக்குறோம்னு ரைஃபிள் டீம நிறுத்துனாங்க. எவ்வளவு ஜெயிச்சிருந்தா என்ன, டிக்கெட் வித்து காசு வராத விளையாட்டு தான முதல்ல வெட்டு வாங்கும். ஆனா அந்த ஊர்க்காரங்களும் பழைய ஷூட்டர்களும் விடல, 2004ல டீம் திரும்ப வந்துச்சு, அப்புறம் 2009ல சாம்பியன், 2013ல இருந்து 2017 வரைக்கும் தொடர்ந்து அஞ்சு வருஷம் சாம்பியன். எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். இத வெச்சு உனக்கு தைரியம் சொல்லலாம், ஆனா எல்லா காலேஜுக்கும் அப்படி ஊர் திரண்டு நிக்கும்னு நான் சொல்ல மாட்டேன், அதனால கைல அந்த அக்கவுண்டிங் டிகிரிய பத்திரமா வெச்சுக்கோ, சர்டிஃபிகேட் பரீட்சை ஏதாச்சும் பாக்கி இருந்தா எழுதி முடி.

இனி வேலை. நாலு வருஷம் அசிஸ்டண்ட் கோச்ச பக்கத்துல இருந்து பாத்திருக்க, அவங்க என்ன செய்றாங்கன்னு உனக்குத் தெரியும்னு நெனைப்ப. பாதி தான் தெரியும். நீ ரேஞ்சுக்கு வர்றதுக்கு முன்னாடி ஒருத்தர் வந்து எலக்ட்ரானிக் டார்கெட்ட ஆன் பண்ணி, பேப்பர் ரோல் மாட்டி, வென்டிலேஷன் ஓடுதான்னு பாத்து வெச்சிருப்பாங்க. பாயிண்ட் 22 சுடுற ரேஞ்ச்ல ஈயத் தூசி படியும், அத சாதாரண துடைப்பத்தால கூட்டவே கூடாது, தூசி கிளம்பி மூக்குல போகும், அதுக்குன்னு ஃபில்டர் வெச்ச வேக்குவம் தான் போடணும். நீ மாமா சொல்றத கேளு, வேலைல சேந்ததும் ஒரு தடவ, அப்புறம் வருஷா வருஷம், ரத்தத்துல ஈயம் எவ்வளவுன்னு டெஸ்ட் எடுத்துக்கோ, ரேஞ்ச்ல இருந்து வந்து கை கழுவாம எதையும் வாய்ல வைக்காத.

லாட் டெஸ்டிங் உன் தலைல தான் விழும், அது நல்லது. லாட்னா ஒரே தடவைல சேத்து தயாரிச்ச தொகுதி, ஒவ்வொரு பேரலுக்கும் ஒரு லாட் பெல்லட் (ஏர் ரைஃபிள்ல போடுற சின்ன குண்டு) தான் ஒத்துப்போகும், அதே கம்பெனி, அதே டப்பா, லாட் நம்பர் மட்டும் வேற, குண்டுங்க ஒரே இடத்துல விழாம விரிஞ்சிடும். ரைஃபிள வைஸ்ல பூட்டி பத்துப் பத்தா சுட்டு, எந்த லாட் ஒரே ஓட்டைல போகுதுன்னு பாத்து, எந்தப் பிள்ளையோட ரைஃபிளுக்கு எதுன்னு நோட்ல எழுதணும், பொறுமை போற வேலை. ஆனா யோசிச்சுப் பாரு, பத்து மீட்டர்ல ஏர் ரைஃபிள்ல பத்து மார்க் குடுக்குற நடு இடம் அரை மில்லிமீட்டர் புள்ளி, பெல்லட்டே நாலரை மில்லிமீட்டர், அறுபது ஷாட்ல நாலு ஷாட் லாட் சரியில்லாததால ஒன்பது ஆனா அந்தப் பிள்ளை தன் கையத் தான் சந்தேகப்படும், தன் நிலைய மாத்தும், டிரிகர மாத்தும், ஒரு மாசம் வீணாப் போகும். காலேஜ் மேட்ச்ல புள்ளிக்குப் பின்னாடி தசமம் கிடையாது, 9.9 வந்தாலும் ஒன்பது தான். நீ நோட்ல எழுதுன அந்த ஒரு வரி அவளோட ஒரு மாசத்தக் காப்பாத்தும்.

வெளியூர் மேட்ச்னா ரைஃபிள் கேஸ பூட்டி ஏர்போர்ட் கவுண்டர்ல டிக்ளேர் பண்றது, அம்யூனிஷன் வெயிட் பாக்குறது, ஹோட்டல், வேன், சாப்பாடு, எந்தப் பிள்ளைக்கு எந்தக் கிளாஸ் பரீட்சை தள்ளிப் போகணும்னு ப்ரொஃபசருக்கு லெட்டர், எல்லாம் நீ தான். அப்புறம் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல பிராக்டிஸ் வைக்கக் கூடாது, ஒரு நாள் முழு லீவு குடுக்கணும்னு ரூல் இருக்குல்ல, அந்த மணிக்கணக்க எழுதி வைக்குறதும் பெரும்பாலும் அசிஸ்டண்ட் தான். இதுல அக்கவுண்டிங் படிச்ச பிள்ளை மத்தவங்கள விட நல்லா செய்வா, இத அத்தான்கிட்ட சொல்லு.

இப்ப நான் நிஜமா சொல்ல நெனச்சதுக்கு வரேன். மேட்ச்ல அஞ்சு பேர் சுடுவீங்க, நாலு ஸ்கோர் தான் கணக்குல சேரும். ஒருத்தருக்கு 600ன்னு நாலு பேருக்கு ஸ்மால்போர் (அந்த பாயிண்ட் 22 ரைஃபிள்) 2400, ஏர் ரைஃபிள் 2400, மொத்தம் 4800க்கு ஓட்டம். ஹெட் கோச் கண்ணு அந்த நாலு பேர் மேல இருக்கும், இருக்கணும், அவர் வேலையே அதுல தான் நிக்குது. அப்போ அஞ்சாவது ஆளு? வேன்லயே இடம் கிடைக்காத எட்டாவது, பத்தாவது ஆளு? ஸ்கோர் போர்ட்ல பேர் வராத அந்தப் பிள்ளைங்க உன்னோடவங்க. 572ல நிக்குற ஒருத்திய 580க்கு கொண்டு வர ஒரு வருஷம் ஆகும், நீலிங்ல, அதான் முழங்கால் போட்டு சுடுற நிலைல, கால் மரத்துப்போறது காலுக்கு அடில வைக்குற ரோல் உயரத்தாலயா ஷூவாலயான்னு அவ பின்னாடி தரைல உக்காந்து பாக்கணும், சுட்ட அடுத்த செகண்டே தலைய தூக்கி மானிட்டர பாக்குறாளான்னு கவனிக்கணும், தோட்டா இல்லாம டிரை ஃபயர் மட்டும் ஒரு வாரம் பண்ணச் சொன்னா மூஞ்ச தூக்கி வெச்சுப்பா, அதையும் தாங்கணும். அவ 580 அடிக்குற அன்னைக்கு மத்த யாரும் கைதட்ட மாட்டாங்க, ஏன்னா அதே நாள் டீம்ல வேற ஒருத்தன் 597 அடிச்சிருப்பான். அன்னைக்கு உனக்கு அந்த 580 தான் பெருசா தெரியணும். உன் சொந்த ஸ்கோர ஒரு பிள்ளை தாண்டும்போது உள்ளுக்குள்ள ஒரு சின்ன குத்து கூட இல்லாம சந்தோஷம் வருதான்னு இப்பவே உன்ன நீயே கேட்டுப் பாரு. வராதுன்னா தப்பில்ல, இன்னும் சுடு, இன்டர்நேஷனல் மேட்ச்ல போய் சுடு, கோச்சிங் அப்புறம் பாத்துக்கலாம்.

நேத்து வரைக்கும் நீயும் ஒரு ஷூட்டர், அங்க உனக்கு 22, டீம்ல மூத்த பையனுக்கு 21. அவங்களோட பீட்சா சாப்பிடலாம், ஆனா ஹெட் கோச்ச பத்தி அவங்க குறை சொல்லும்போது கூட சேந்து தலையாட்டக் கூடாது. ஹெட் கோச் சொன்னது தப்புன்னு பட்டா ஆபீஸ் கதவ சாத்திட்டு அவர்கிட்டயே சொல்லு, பிள்ளைங்க முன்னாடி ஒரு தடவ கூட வேண்டாம், ரெண்டு கோச் ரெண்டு விதமா சொன்னா ஷூட்டர் ரெண்டையும் கலந்து கெட்டுப் போவா. தனியா இருக்கும், சொல்லிட்டேன். ஒரே வயசுல ஃப்ரெண்டு இல்லாம இருக்குற மாதிரி தோணும். அப்போ எனக்கு போன் பண்ணு.

ரெக்ரூட்டிங் வேலையும் கேட்டு வாங்கு. ஜூனியர் மேட்ச்கள்ல போய் உக்காந்து பாக்குறப்ப ஸ்கோர் ஷீட்ட மட்டும் பாக்காத. அமெரிக்க ஷூட்டர் ஜின்னி த்ராஷர எடுத்துக்கோ, சின்ன வயசுல ஃபிகர் ஸ்கேட்டிங் பண்ணுன பொண்ணு, தாத்தாவோட வேட்டைக்குப் போன பிறகு தான் ரைஃபிள் பக்கம் வந்தா, லேட்டா ஆரம்பிச்சவ தான். வெஸ்ட் வர்ஜீனியால முதல் வருஷத்துலயே 2016ல ஏர் ரைஃபிள், ஸ்மால்போர்னு என்சிஏஏ தனிநபர் பட்டம் ரெண்டையும் வாங்குனா, அதே வருஷம் ஆகஸ்ட்ல ரியோ ஒலிம்பிக்ஸோட முதல் தங்கம் அவளுக்கு, 19 வயசு, முந்தின ஒலிம்பிக்ஸ்கள்ல தங்கம் வாங்குன ரெண்டு சீன வீராங்கனைங்கள தாண்டி. எவ்வளவு வருஷமா சுடுறான்னு மட்டும் பாத்து ஆள் எடுத்தா இப்படி ஒரு பொண்ணு கைவிட்டுப் போய்டுவா. அதே மாதிரி கென்டக்கில படிச்ச வில் ஷேனர், கொலராடோல ரைஃபிள்னே பேர் இருக்குற ஊர்க்காரன், டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல தங்கம் வாங்குனான், அதே 2021ல கென்டக்கி தான் என்சிஏஏ சாம்பியன். அவங்க பேரெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவங்க காலேஜ் ரேஞ்ச்ல பெல்லட் டெஸ்ட் பண்ணுனது யாருன்னு யாரும் கேக்குறதில்ல, எனக்கு அது எப்பவும் மனசுல ஓடும்.

இன்னொன்னு, இது ஆணும் பெண்ணும் ஒரே டீம்ல ஒரே கணக்குல சுடுற விளையாட்டு, 2010ல டிசியு (டெக்சாஸ் கிறிஸ்டியன் யூனிவர்சிட்டி) முழுக்க பொண்ணுங்களே இருந்த டீமா சாம்பியன் ஆச்சு, அதோட ஹெட் கோச் கேரன் மோனெஸும் ஒரு பெண். அந்த நாற்காலி உனக்கு ஆகாதுன்னு யாராச்சும் சொன்னா இத சொல்லு.

சரி, கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி சில விஷயம். மாஸ்டர்ஸ் ஃபீஸ் முழுசா அவங்களா, ஹெல்த் இன்ஷூரன்ஸ் உண்டா, கோடை மாசத்துக்கு சம்பளம் வருமா, எல்லாத்தையும் எழுத்துல வாங்கு, "பாத்துக்கலாம்"னு வாயால சொல்றத நம்பாத. குறைஞ்சது ரெண்டு மூணு பிள்ளைங்களுக்கு முழு பிராக்டிஸ் பிளானும் நீயே போடலாமான்னு ஹெட் கோச்ச நேரா கேளு. "இல்ல, நீ டிராவல் பாத்தா போதும்"னு சொன்னா அந்த ஆஃபர விட்டுடு, வேற காலேஜ்ல கேப்போம். ஆமான்னு சொன்னா ரெண்டாவது யோசனை வேண்டாம்.

அத்தான்கிட்ட ஞாயித்துக்கிழமை நான் பேசுறேன். நீ அதுக்குள்ள அந்த ஆஃபர் லெட்டர எனக்கு அனுப்பு, சேந்து படிப்போம்.

அன்புடன்,
மாமா