வண்டலூருக்குக் காலை 9 மணிக்கே போய்விடுங்கள்

ஆசிரியருக்கு,

பள்ளி விடுமுறை விட்டதும் சென்னையை அடுத்த வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்குக் குடும்பம் குடும்பமாகக் கிளம்புகிறார்கள். பலர் போய் இறங்குவது பதினோரு மணி வெயிலில். அதற்குள் புலி நிழல் தேடிப் படுத்திருக்கும். நீர்யானையின் காதும் மூக்கும் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரியும். "ஒண்ணையும் காணோமே" என்று பிள்ளைகள் சிணுங்குவது இதனால்தான். விலங்குகள் நடமாடுவது காலையிலும், வெயில் தாழ்ந்த பிறகும்தான்.

1855-இல் எழும்பூரில் தொடங்கி 1985-இல் வண்டலூருக்கு இடம் மாறிய இந்தப் பூங்காவின் பரப்பு 602 ஹெக்டேர், சுமார் 1,490 ஏக்கர். ஓர் அடைப்பிலிருந்து அடுத்ததற்கு நல்ல நடை இருக்கிறது. எனவே 9 மணிக்கெல்லாம் வாசலில் நில்லுங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. நுழைவுச்சீட்டை இணையத்திலேயே வாங்கிவிட்டால் ஒரு வரிசை மிச்சம். புறநகர் ரயிலில் வருபவர்கள் கவனிக்க: கடற்கரை–தாம்பரம் இடையே ஓடும் அளவுக்குத் தாம்பரத்தைத் தாண்டி வண்டிகள் கிடையாது. முதல் நாளே நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டலூர் நிலையத்திலிருந்து பூங்காவுக்கு ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையைக் கடந்தாக வேண்டும். குழந்தையின் கையை விடவே கூடாது.

தாத்தா பாட்டி உடன் வந்தால் உள்ளே நுழைந்ததுமே பேட்டரி வண்டிக்குச் சீட்டு எடுங்கள். பலர் பாதி தூரம் நடந்து, முழங்கால் வலி வந்தபிறகு வண்டியைத் தேடுகிறார்கள். அதற்குள் வரிசை நீண்டுவிடுகிறது. முதலில் வண்டியில் ஒரு சுற்று; பிறகு பிள்ளைகள் விரும்பும் இரண்டு மூன்று இடங்களுக்கு மட்டும் நடந்து போகலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம். பெரிய விலங்குகளைக் காலையிலேயே பார்த்துவிட்டு, பாம்புப் பகுதியையும் பறவைகளையும் உச்சிவெயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர். நான்கு பேருக்கு ஆறு லிட்டர் என்றால் ஆறு கிலோ சுமை. ஒரே பையில் அடைத்தால் அப்பாவின் தோள் போய்விடும். இரண்டு முதுகுப்பைகளில் பிரித்து வையுங்கள். எவர்சில்வர் பாட்டிலே நல்லது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழகம் முழுவதும் தடை. பிள்ளைகளுக்குப் புதுச் செருப்பு மாட்டிக் கூட்டி வராதீர்கள். குதிகால் வார் பத்து மணிக்குள் தோலை உரித்துவிடும், அதற்குமேல் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். வீட்டிலேயே இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது உத்தமம். வெளியில் வைத்துச் சாப்பிட தயிர்சாதம் கட்டினால், பாலை அதிகமாக ஊற்றி ஒரு கரண்டி தயிர் மட்டும் சேர்த்துப் பிசையுங்கள், மதியம் புளிக்காது. தேங்காய்ச் சட்னி வெயில் தாங்காது. திறந்த தின்பண்டப் பையைக் கையில் தொங்கவிட்டு நடந்தால் குரங்கு பறித்துக்கொண்டு போய்விடும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முதலை வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடப்பது உடல் சூட்டைத் தணித்துக்கொள்ள. செத்துவிட்டதா என்று பார்க்கக் கல் எறிகிறவர்கள் இருக்கிறார்கள். பெற்றோரும் பக்கத்தில் நின்று சிரிக்கிறார்கள். பார்க்கவே நெஞ்சு பதறுகிறது. உயிரியல் பூங்காவில் விலங்கைச் சீண்டுவது, தீனி போடுவது, கத்தி மிரட்டுவது, குப்பை போடுவது எல்லாமே 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஜே பிரிவின்படி குற்றம். சிப்ஸும் பிஸ்கட்டும் குரங்குக்கும் மானுக்கும் உணவே அல்ல. வாசலைத் தாண்டும் முன்பே பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

காணும் பொங்கலன்று கைக்குழந்தையோடு போவதைத் தவிர்க்கலாம். போயே ஆகவேண்டும் என்றால், பெற்றோரின் கைப்பேசி எண்ணை எழுதிய சீட்டைக் குழந்தையின் சட்டைப்பையில் வைத்து ஊக்கு குத்திவிடுங்கள். தொலைந்தால் எந்த இடத்தில் வந்து நிற்க வேண்டும் என்பதையும் உள்ளே போனதும் காட்டிவையுங்கள்.

பூங்கா நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு அடைப்பும் எவ்வளவு தூரம், குழந்தையோடு நடந்தால் எத்தனை நிமிடம், எந்த விலங்கை எந்த நேரத்தில் பார்ப்பது நல்லது என்ற விவரங்களைச் சீட்டு கொடுக்கும் இடத்திலேயே பெரிய தமிழ் எழுத்தில் பலகையாக வையுங்கள். அடுத்த விடுமுறைக்குள் வைத்தால் பேருதவியாக இருக்கும்.

– பள்ளி ஆசிரியர்கள் சிலர், கூடுவாஞ்சேரி