புது ரெஃப்ரீயைத் தனியாக நிறுத்தாதீர்கள்

பெங்களூரில் பள்ளி, கிளப் கூடைப்பந்துப் போட்டிகள் நடத்தும் அமைப்பாளர்களுக்கும், கோர்ட் ஓரத்தில் நிற்கும் கோச்சுகளுக்கும் பெற்றோருக்கும்,

வணக்கம்.

உங்களில் பலரை எனக்குத் தெரியும். ஜெயநகர், மல்லேசுவரம், கோரமங்களா என்று நீங்கள் எங்கே போட்டி வைத்தாலும், சனி ஞாயிறுகளில் சாம்பல் நிறச் சட்டையும் கறுப்புப் பேண்டுமாக ஓடிக்கொண்டிருக்கும் ஆட்களில் நானும் ஒருவன். வார நாட்களில் கணக்கு எழுதும் வேலை. வீடு அல்சூரில்.

சீசனுக்குச் சீசன் உங்களிடம் நான் கேட்பது ஒரே புலம்பல்தான்: "நல்ல ரெஃப்ரீயே கிடைக்க மாட்டேங்குறாங்க." பஞ்சம் உண்மைதான். ஆனால் ஆட்கள் வரத்தான் செய்கிறார்கள். கோடை முகாம்கள் முடிந்து பள்ளிகள் திறந்ததும் ஒவ்வொரு வருடமும் சில புதுமுகங்கள் கழுத்தில் விசிலோடு வந்து நிற்கிறார்கள். தசரா விடுமுறைக்குள் அவர்களைக் காணோம். ஏன் போனீர்கள் என்று சிலரிடம் கேட்டுப் பார்த்தேன். அவர்கள் சொன்னதும் நான் பார்த்ததும் சேர்ந்ததுதான் இந்த மடல்.

வருகிறவர்கள் யார்? பெரும்பாலும் பி.யு.சி. (நம்மூர் பிளஸ் ஒன், பிளஸ் டூ) படிக்கும் பிள்ளைகள், டிகிரி முதல் வருடத்தில் இருப்பவர்கள். பள்ளி டீமில் ஆடிவிட்டுக் கல்லூரி டீமில் இடம் கிடைக்காதவர்கள், முட்டி போய் ஆட்டத்தை விட்டவர்கள், உடற்கல்வி படிப்பவர்கள். பெண் பிள்ளைகளும் வருகிறார்கள். எல்லாருக்கும் ஆட்டம் தெரியும். ஆனால் ஆடுவது வேறு, ஆட்டத்தை நடத்துவது வேறு என்பது முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

முதல் தொல்லை விசில். புதியவர் பயந்து பயந்து ஊதுவார். ஈனஸ்வரத்தில் ஒரு சத்தம் வரும். கேட்டதுமே கோர்ட்டில் இருக்கும் பத்துப் பேருக்கும் இரண்டு கோச்சுகளுக்கும் புரிந்துவிடும், இந்த ஆளிடம் பேரம் பேசலாம் என்று. ஒரே ஊதல், குட்டையாக, அழுத்தமாக வர வேண்டும். மொட்டை மாடியில் பழகவும் முடியாது, பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். விசில் வாங்கும்போது உள்ளே குண்டு உருளாத வகையாகப் பார்த்து வாங்கச் சொல்வேன். ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட் என்ற கனடா நாட்டு நடுவருக்கு ஒரு பெரிய ஆட்டத்தில் விசிலுக்குள் குண்டு சிக்கி, ஊதியும் சத்தமே வரவில்லை. அந்தக் கடுப்பில் அவர் உருவாக்கியதுதான் குண்டே இல்லாத ஃபாக்ஸ் 40. 1987-இல் வந்தது. நம் கோர்ட்டுகளில் பாதிப் பேர் கழுத்தில் தொங்குவது அதுதான், அல்லது அதன் நகல்.

அடுத்து கண். ஆடியவர்கள் பந்தைப் பார்த்தே பழகியவர்கள். இரண்டு நடுவர்கள் நிற்கும் ஆட்டத்தில் ஒருவர் கூடைக்கு அருகே எண்ட் லைனில் நிற்பார், அவர் லீட். இன்னொருவர் ஆட்டத்துக்குப் பின்னால் வருவார், அவர் டிரெய்ல். பந்து எதிர்ப்பக்கம் போனால் டிரெய்லாக இருந்தவர் ஓடிப்போய் லீட் ஆவார். பந்து டிரெய்லின் பக்கம் இருக்கும்போது லீட் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. கூடைக்கடியில் யார் இடுப்பால் தள்ளுகிறார், யார் சட்டையைப் பிடித்து இழுக்கிறார் என்று பார்க்க வேண்டும். பந்திலிருந்து கண்ணைப் பிடுங்கி எடுக்கப் பழகவே ஒரு சீசன் ஆகும். அதுவும் கூட நிற்பவர் தன் பக்கத்தைச் சரியாகப் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை இருந்தால்தான் வரும்.

அப்புறம் கை. ஆளைத் தள்ளுவது, பிடிப்பது போன்ற ஃபவுலுக்கு மூடிய முஷ்டி மேலே போக வேண்டும். டிராவல் (பந்தைத் தட்டாமல் கூடுதல் அடி வைப்பது), டபுள் டிரிபிள் (தட்டி நிறுத்திய பந்தை மறுபடி தட்டுவது) போன்ற மீறல்களுக்கு விரல்கள் சேர்ந்த திறந்த கை. பிறகு ஸ்கோர் எழுதுகிறவர்கள் உட்காரும் டேபிளுக்கு எதிரே போய் நின்று, ஆட்டக்காரரின் எண், என்ன ஃபவுல், அடுத்து ஃப்ரீ த்ரோவா (தடுப்பார் இல்லாமல் கூடைக்கு எறிவது) த்ரோ இன்னா (கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே எறிவது) என்று வரிசையாகக் காட்ட வேண்டும். 23 என்றால் முதலில் புறங்கையைத் திருப்பி இரண்டு, பிறகு உள்ளங்கை தெரிய மூன்று. புதியவர் டேபிளை நோக்கி ஓடுவதற்குள் எண் மறந்திருக்கும். பின்னாலிருந்து கோச் கத்திக்கொண்டிருந்தால் எந்த டீம் என்பதே மறந்துவிடும்.

பெற்றோருக்கு இங்கே ஒரு வார்த்தை. நீங்கள் "டிராவல், டிராவல்" என்று கத்துவதில் பாதி டிராவலே இல்லை. ஓடிக்கொண்டே பந்தைக் கையில் சேர்ப்பவர் அந்த நேரத்தில் தரையில் வைத்திருக்கும் கால் கணக்கில் வராது. அதற்குப் பிறகுதான் இரண்டு அடி. உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா இந்த விதியை 2017 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. உங்கள் கண்ணுக்கு மூன்று அடியாகத் தெரிவது விதிப்படி சரியாக இருக்கலாம். உங்கள் பள்ளிக்காலத்து விதியைச் சொல்லி, இப்போதைய விதியைப் படித்துவிட்டு வந்த பிள்ளையைத் திட்டுகிறீர்கள். விதிப்புத்தகம் ஃபிபாவின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, ஒருநாள் புரட்டிப் பாருங்கள்.

"சின்னப் பசங்க மேட்ச்தானே, புதுசா வந்தவங்க பார்த்துக்கட்டும்" என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். சீனியர் ஆட்டத்தில் அடுத்து என்ன நடக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். பத்து வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்தில் பந்து எங்கே போகும் என்று அதைப் பிடித்திருக்கும் பிள்ளைக்கே தெரியாது. எல்லா டிராவலுக்கும் ஊதினால் ஆட்டம் நகராது. ஊதாமல் விட்டால் எதிர் கோச் குதிப்பார். எதை ஊதுவது, எதை விடுவது, எப்போது விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு "கண்ணா, பந்தைத் தட்டிட்டு ஓடணும்" என்று சொல்வது என்பது அனுபவத்தில் வருகிற விஷயம். அதைத்தான் அனுபவமே இல்லாதவர் கையில் கொடுக்கிறோம்.

கொடுப்பது மட்டுமா, தனியாக வேறு நிறுத்துகிறோம். இந்த மடல் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

விதிப்புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். ஐவர் ஆட்டத்துக்கு நடுவர்கள் என்றால் ஒரு க்ரூ சீஃப் (தலைமை நடுவர்), கூட ஒன்று அல்லது இரண்டு அம்பயர்கள். ஒரே நடுவர் என்ற ஏற்பாடு அதில் கிடையாது. 1891 டிசம்பரில் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கி 13 விதிகள் எழுதியபோதே இரண்டு பேரை வைத்தார்: ஆட்களைப் பார்க்க ஒருவர், பந்தைப் பார்க்க ஒருவர். 2017 ஜூலையில் நம் கண்டீரவா அரங்கில் பெண்கள் ஆசியக் கோப்பை நடந்தபோது உங்களில் பலர் வந்திருந்தீர்கள். அங்கே பல வருட அனுபவமுள்ள சர்வதேச நடுவர்கள் மூன்று பேராக நின்றார்கள். நம் பக்கத்து கிரவுண்டில் பதினேழு வயதுப் பிள்ளை ஒற்றை ஆளாக நிற்கிறது. கிணற்றில் தள்ளி நீச்சல் பழக்கும் பழைய வைத்தியம் இது. அப்படித் தள்ளுகிறவராவது மேலே கயிற்றோடு நிற்பார்.

போன மழைக்காலத்தில் ஒரு போட்டி. எங்கே என்பது வேண்டாம். பதினான்கு வயதுக்குட்பட்ட பையன்களின் அரையிறுதி. வர வேண்டிய சீனியர் நடுவர் வரவில்லை. பி.யு.சி. இரண்டாம் வருடம் படிக்கும் ஒரு பெண்ணை, வந்து சில வாரமே ஆனவளை, "அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்று தனியாக விட்டார்கள். பக்கத்துக் கோர்ட்டில் என் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது குவார்ட்டரில் தூறல். சிமெண்ட் தரை வழுக்க ஆரம்பித்தது. அவள் ஆட்டத்தை நிறுத்தினாள். சரியான முடிவு, ஒரு பையன் விழுந்து மணிக்கட்டை உடைத்திருந்தால் யார் பதில் சொல்வது? ஆனால் முன்னிலையில் இருந்த டீமின் கோச் கோர்ட்டுக்குள் பாதி தூரம் வந்து, விரலை ஆட்டி, கூட்டத்துக்கு முன்னால் பேசிய பேச்சு இருக்கிறதே. அமைப்பாளர் டேபிளில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அழவில்லை. ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட்டாள், பையை எடுத்துக்கொண்டு மெட்ரோ ஸ்டேஷனுக்கு நடந்தாள், அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை. அவள் விசில் நன்றாக இருந்தது, அதுதான் எனக்கு ஆறவில்லை.

அந்தக் கோச்சுக்குத் தவறான நடத்தைக்கான டெக்னிக்கல் ஃபவுல் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். விதி அப்படித்தான் சொல்கிறது. எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, அதே கோச் நடத்தைக்காக இரண்டாவது வாங்கினால் வெளியே. ஆனால் நம் பிள்ளைகள் வளர்ந்த விதம் என்ன? கோச் என்றால் 'மாஸ்டர்'. காலையில் கிரவுண்டுக்கு வந்ததும் காலைத் தொட்டு வணங்கிய ஆட்கள் இவர்கள். ஐம்பது வயது மாஸ்டரைப் பார்த்து அந்தப் பிள்ளை இரண்டு கையாலும் 'டி' காட்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். பக்கத்தில் ஒரு சீனியர் நின்றால் அவர் காட்டுவார். இரண்டு தடவை பார்த்த பிறகு பிள்ளையும் காட்டும். மாஸ்டர்மார்களே, உங்களிடம் பழகிய பிள்ளைகள்தான் நாளைக்கு விசிலோடு வரப்போகிறார்கள், அதையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

பெற்றோர் கத்துவதற்கு டெக்னிக்கல் ஃபவுல் கிடையாது. அதை அடக்குவது நடத்துகிறவர் வேலை. ஒரு தடவை மைக்கில் சொன்னால் போதும், பாதிப் பேர் அடங்குவார்கள். கன்னடத்தில் "கண்ணு காணல்வா" என்பார்கள், இந்தியில் ஏதோ சொல்வார்கள், அதெல்லாம் பழகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால் நம் ஆட்கள். இந்த ஊரில் ரெஃப்ரீக்குத் தமிழ் தெரியாது என்று தைரியமாக நினைத்துக்கொண்டு, அக்கம்பக்கத்தில் கேட்கிற மாதிரி திட்டுவார்கள். அல்சூர், விவேக் நகர், ஸ்ரீராமபுரம் என்று பாதிப் பேர் தமிழ் வீடுகளிலிருந்து வருகிறோம் ஐயா. எல்லாம் காதில் விழுகிறது.

சரி, என்ன செய்யலாம்? புதிதாக வருகிறவரை முதலில் டேபிளில் உட்கார வையுங்கள். ஸ்கோரர், அசிஸ்டெண்ட் ஸ்கோரர், டைமர், ஷாட் கிளாக் (கூடைக்கு எறிய மிச்சமுள்ள விநாடிகளைக் காட்டும் கடிகாரம்) ஆபரேட்டர் என்று அங்கே நான்கு வேலை இருக்கிறது. ஒரு மாதம் ஸ்கோர் ஷீட் எழுதியவருக்கு டீம் ஃபவுல் கணக்கு, ஐந்தாவதிலிருந்து ஃப்ரீ த்ரோ, பந்து அடுத்து எந்த டீமுக்கு என்று காட்டும் பொசெஷன் அம்பு எப்போது திரும்பும் எல்லாம் தானாகவே மண்டையில் ஏறும். கூடையில் விழாமல் திரும்பிய பந்தைப் பிடித்த (ரீபவுண்ட்) பிறகு அந்த ஷாட் கிளாக் 24 விநாடிக்குப் போகுமா 14-க்குப் போகுமா என்று விசாரிக்க வேண்டியிருக்காது. யாரும் அவரைத் திட்டவும் மாட்டார்கள். டேபிளில் உட்காருவது மட்டமான வேலை என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது, அதை விட்டுத் தொலைப்போம்.

அதற்குப் பிறகு கோர்ட். கூடையை 2.60 மீட்டருக்கு இறக்கி, ஐந்தாம் நம்பர் பந்தை வைத்து ஆடும் மினி ஆட்டத்தில், ஒரு சீனியரோடு. கடைசிக் குவார்ட்டரில் அவரை உட்கார வைத்துச் சீனியர் மட்டும் ஆட்டத்தை முடிப்பது என்று யோசிக்காதீர்கள், இரண்டு பேரும் கடைசி வரை நிற்கட்டும். ஆட்டம் முடிந்ததும் ஐந்து நிமிடம், அன்று எங்கே நின்றிருக்க வேண்டும் என்பதை மட்டும் சீனியர் சொன்னால் போதும். எல்லாப் பிழையையும் ஒரே நாளில் கொட்டினால் ஆள் பயந்துவிடும். இதற்குச் சீனியர்களுக்கும் கொஞ்சம் பொறுமை வேண்டும். எங்கள் ஆட்களில் சிலர் புதியவரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், அதையும் மறைப்பதற்கில்லை.

பணம் பற்றிப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் பேசியாக வேண்டும். சட்டை, பேண்ட், கறுப்பு ஷூ, விசில் எல்லாம் அந்தப் பிள்ளை கைக்காசு போட்டு வாங்கியது. ஃபீஸ் எவ்வளவு என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள், அன்றன்றைக்கே கொடுத்துவிடுங்கள். "கோப்பை வாங்கின கடைக்குக் கொடுத்துட்டு மிச்சத்துல பார்க்கலாம்" என்ற பதிலைக் கேட்டவர்கள் எங்களில் நிறையப் பேர். பெண் நடுவருக்கு உடை மாற்ற ஒரு அறை, இருட்டுவதற்குள் முடியும் ஆட்டங்கள், இவையும் செலவில்லாதவை. மகாராஷ்டிரத்தின் ஸ்னேகல் பெண்ட்கே இந்தியாவின் முதல் பெண் ஃபிபா நடுவராக வந்திருக்கிறார். மாநிலச் சங்கத் தேர்வு, தேசியக் கூட்டமைப்பின் தேர்வு, அதற்குப் பிறகு ஃபிபா என்று போகும் அந்தப் படிக்கட்டில் முதல் படி உங்கள் சனிக்கிழமைக் காலை ஆட்டம்தான்.

அடுத்த போட்டிக்கு அட்டவணை போடும்போது ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நேராக இரண்டு பெயர் எழுத இடம் விடுங்கள். ஒன்றில் என்னைப் போல் ஒரு பழைய ஆளைப் போடுங்கள், இன்னொன்றுக்குப் புதியவரை நாங்களே அழைத்து வருகிறோம். இரண்டு பேருக்கும் சேர்த்து மதியச் சாப்பாடு சொல்லி வையுங்கள். சித்ரான்னம் தவிர எதுவானாலும் சரி.

இப்படிக்கு,
அல்சூரிலிருந்து ஒரு வார இறுதி ரெஃப்ரீ