கொல்வதானால் சொல்லிவிட்டுக் கொல்லுங்கள்

ஆண்ட்ராய்டு போன் தயாரிக்கும் நிறுவனங்களில் பேட்டரி மேலாண்மை மென்பொருளை எழுதுகிறவர்களுக்கும், அதை எழுதச் சொல்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

மாத்திரை வேளையை நினைவூட்டும் சிறிய செயலி ஒன்றை எழுதிப் பராமரித்துவருகிறேன். தனியாள் வேலை. அதில் விளம்பரம் கிடையாது. அது இருப்பிடத்தைப் பார்ப்பதில்லை, எந்த சர்வரோடும் பேசுவதில்லை. சொன்ன நேரத்துக்கு எழுந்து, ஒலி எழுப்பி, மறுபடி படுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் அதன் பிழைப்பு. அதில்தான் நீங்கள் மண்ணை அள்ளிப் போடுகிறீர்கள். பேட்டரியைச் சேமிப்பதாகச் சொல்லி, பயனருக்குத் தெரியாமலே அதை நிறுத்திவிடுகிறீர்கள்; எங்கள் பேச்சில் கொன்றுவிடுகிறீர்கள்.

எனக்கு வரும் புகார்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கும். "முதல் இரண்டு நாள் ஒழுங்காக அடித்தது, அப்புறம் சத்தமே இல்லை." பதிலுக்கு நான் கேட்கும் முதல் கேள்வி "என்ன போன்?" என்பதுதான். போனின் பெயர் தெரிந்ததும் அதற்கென்று எழுதிவைத்திருக்கும் பதிலை அனுப்புவேன். அமைப்புகளுக்குப் போய், பேட்டரிப் பகுதியில் செயலியின் பெயரைத் தேடி, 'கட்டுப்பாடு இல்லை' என்று மாற்றுங்கள். அது போதாது. 'பாதுகாப்பு' என்றோ 'போன் மேலாளர்' என்றோ தனியாக ஒரு செயலி இருக்கும். அதற்குள் போய், செயலி தானாக எழ விடும் ஆட்டோஸ்டார்ட்டை இயக்குங்கள். பிறகு அண்மையில் திறந்த செயலிகளின் திரைக்குப் போய், என் செயலியின் அட்டையை அழுத்திப் பிடித்துப் பூட்டு அடையாளத்தைத் தட்டுங்கள். சில போன்களில் 'உறங்கும் செயலிகள்', 'ஆழ்ந்து உறங்கும் செயலிகள்' என்று இரண்டு பட்டியல்கள் உண்டு; இரண்டிலிருந்தும் நீக்குங்கள். அடுத்த சிஸ்டம் அப்டேட் வந்த பிறகு இத்தனையையும் ஒருமுறை சரிபாருங்கள், ஏனென்றால் பழைய நிலைக்கே திரும்பியிருக்கலாம். ரத்த அழுத்த மாத்திரையை நேரத்துக்குப் போட நினைக்கும் எழுபது வயதுக்காரருக்கு இதை எழுதி அனுப்பும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. ஆட்டோஸ்டார்ட் இயங்குகிறதா இல்லையா என்று என் செயலி கேட்டுத் தெரிந்துகொள்ள முறையான வழி எதையும் நீங்கள் தரவில்லை. அந்த அமைப்புத் திரையை நேரடியாகத் திறக்கவும் பொதுவான வழி இல்லை. ஆகவே ஒவ்வொரு நிறுவனத்தின் திரைக்கும் உள்ளே என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று துருவிக் கண்டுபிடித்து, அந்தப் பெயர்களை நிரலில் அப்படியே எழுதிவைக்கிறோம். அடுத்த பதிப்பில் நீங்கள் பெயரை மாற்றுவீர்கள். 'இங்கே தட்டுங்கள்' என்ற எங்கள் பொத்தான் வெற்றுப் பொத்தானாகிவிடும். ஒரே வேலைக்காக எத்தனை பேர் இப்படி இருட்டில் துழாவிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

பேட்டரியைக் காப்பாற்றுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. ஆண்ட்ராய்டின் ஆரம்ப காலத்தில் செயலி எழுதுகிறவர்கள் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. திரை அணைந்த பிறகும், போனை உறங்கவிடாத வேக்லாக்கைப் பிடித்துக்கொண்டு செயலியகத்தை (பிராசசரை) இரவு முழுக்க விழிக்க வைத்தவர்கள் உண்டு. ஒரு செயலி எழுந்தால் கூடவே நான்கு செயலிகளை எழுப்பிவிடும்படி ரகசியக் கூட்டணி வைத்தவர்களும் உண்டு. கட்டுப்பாடு வந்தே தீர வேண்டியிருந்தது. 2015இல் ஆண்ட்ராய்டு 6 'டோஸ்' என்ற உறக்க நிலையைக் கொண்டுவந்தது. போன் சார்ஜில் இல்லாமல், அசையாமல், திரை அணைந்து சிறிது நேரம் கிடந்தால் செயலிகளின் நெட்வொர்க்கும் அலாரங்களும் தள்ளிவைக்கப்படும். இடையிடையே சிறிய இடைவெளிகளில் மட்டும் நிலுவை வேலைகளை முடித்துக்கொள்ளலாம். 2017இல் ஆண்ட்ராய்டு 8, செயலி திரையில் இல்லாதபோதும் ஓடும் பின்னணிச் சேவைகளுக்குக் கடிவாளம் போட்டது. அடுத்த ஆண்டு ஆண்ட்ராய்டு 9, பயனர் எவ்வளவு அடிக்கடி திறக்கிறார் என்பதைப் பார்த்துச் செயலிகளைத் தரம் பிரித்தது. 2021இல் ஆண்ட்ராய்டு 12, பின்னணியில் இருந்தபடியே ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் (அறிவிப்பு ஒன்றைக் காட்டியபடி தொடர்ந்து ஓடும் வேலை) தொடங்குவதைப் பெரும்பாலும் தடைசெய்தது.

ஒவ்வொரு முறையும் நாங்கள் முணுமுணுத்தோம், நிரலை மாற்றி எழுதினோம். ஆனால் அந்த விதிகள் எழுத்தில் இருந்தன. எது தள்ளிப்போகும், எது போகாது என்று படித்துத் தெரிந்துகொள்ள முடிந்தது. டோஸ் நிலையிலும் விழிக்கக்கூடிய சாதாரண அலாரம் ஒரு செயலிக்கு ஒன்பது நிமிடத்துக்கு ஒருமுறைக்கு மேல் அடிக்காது என்று ஆவணம் சொல்கிறது. கடிகார அலாரம் போலப் பயனர் தாமே வைத்த அலாரம் என்றால், அது அடிக்கும் முன்பே சிஸ்டம் உறக்கத்திலிருந்து வெளியே வந்துவிடும் என்றும் சொல்கிறது. மாத்திரை நினைவூட்டலுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். தயாரிப்பாளரின் கைவரிசை இல்லாத ஆண்ட்ராய்டில் அது அடிக்கிறது.

உங்கள் போன்களில் அதற்கு மேல் இன்னொரு அடுக்கு இருக்கிறது. ஒரு செயலியை அண்மைத் திரையிலிருந்து விரலால் தள்ளிவிட்டால் ஆண்ட்ராய்டின் வழக்கப்படி அதன் திரை மூடும். வைத்த அலாரம் அப்படியே இருக்கும். உங்களில் சிலரின் போன்களில் அதே தள்ளல் 'கட்டாய நிறுத்தம்' ஆகிறது. சில போன்களில் யாரும் தள்ளவே வேண்டாம், நள்ளிரவில் தானாக நடக்கிறது. கட்டாய நிறுத்தம் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனால் இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தச் செயலி வைத்திருந்த அத்தனை அலாரங்களும் ரத்தாகும். சர்வரிலிருந்து அனுப்பும் புஷ் செய்தியும் வந்து சேராது. போனை அணைத்து மறுபடி இயக்கினாலும் அது எழாது. பயனர் தாமாக வந்து திறக்கும்வரை செத்த பிணம். நினைவூட்டலுக்காகவே ஒரு செயலியை வைத்திருப்பவர் அதை நினைவாகத் திறந்து பார்த்தால்தான் அது நினைவூட்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

அவர் ஏற்கெனவே எத்தனை முறை சம்மதம் சொல்லியிருக்கிறார் என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு 13 முதல் அறிவிப்பு காட்டவே அனுமதி கேட்க வேண்டும், கேட்டோம், கொடுத்தார். துல்லிய நேர அலாரத்துக்கு 12ஆம் பதிப்பில் தனி அனுமதி வந்தது. 14இல், புதிதாக நிறுவும் பெரும்பாலான செயலிகளுக்கு அது முன்கூட்டியே மறுக்கப்பட்டிருக்கிறது. கடிகாரம், நாள்காட்டி போன்ற வகைகளுக்கு மட்டும் விலக்கு. அந்த விதிக்கும் கட்டுப்பட்டோம். பேட்டரிச் சிக்கனத்திலிருந்து விலக்கு வேண்டும் என்று கேட்டபோதும் 'அனுமதி' என்று தட்டினார். ஒரு மனிதர் தன் சொந்த போனில் இதற்கு மேல் எப்படித் தெளிவாகத் தன் விருப்பத்தைச் சொல்வார்? வீட்டுக்காரரே உள்ளே விடச் சொன்ன ஆளை, அவர் தூங்கியதும் காவலாளி கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவது போல இருக்கிறது உங்கள் வேலை. காலையில் அவரிடம் சொல்வதுகூட இல்லை.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பது ஓரளவு தெரிந்த கதைதான். கூகுளின் புஷ் சேவை இயங்காத சீனச் சந்தையில், ஒவ்வொரு செயலியும் செய்தி பெறுவதற்குத் தன் இணைப்பைத் தானே உயிரோடு வைத்திருக்க வேண்டியிருந்தது. ஒன்றையொன்று எழுப்பிக்கொண்டும் இருந்தன. அங்கே கத்தியைத் தூக்க ஒரு காரணம் இருந்தது. அந்தக் கத்தியை, புஷ் சேவை ஒழுங்காக இயங்கும் உலகத்தின் மற்றப் பகுதிகளுக்கும் அப்படியே ஏற்றுமதி செய்தது ஏன்? என் ஊகம் எளியது. பேட்டரி எத்தனை மணி நேரம் வந்தது என்பது விமர்சனங்களில் எண்ணாக வரும். அடிக்காமல் போன அலாரம் எந்த எண்ணிலும் வராது.

தொழில்நுட்பமாகப் பார்த்தாலும் கொல்வதில் மிச்சம் குறைவு. நினைவகத்தில் சும்மா கிடக்கும் செயலி செயலியகத்தைத் தொடுவதில்லை. அண்மைப் பதிப்புகளில் அப்படிக் கிடப்பவற்றை ஆண்ட்ராய்டே உறையவைத்துவிடுகிறது. கொன்றுவிட்டால், அடுத்த முறை திறக்கும்போது எல்லாவற்றையும் சேமிப்பகத்திலிருந்து முதலிலிருந்து ஏற்ற வேண்டும். அதற்கும் மின்சாரம்தான் செலவாகிறது.

எல்லோரையும் ஒரே மாதிரி கொன்றாலாவது பரவாயில்லை. பெரிய அரட்டைச் செயலிகள் தொழிற்சாலையிலேயே விலக்குப் பட்டியலில் ஏறி வருகின்றன. அவற்றின் செய்தி வராவிட்டால் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். என் செயலி அடிக்காவிட்டால் போனை யாரும் குறை சொல்வதில்லை. "வாட்ஸ்அப் ஒழுங்காக வருகிறதே, உன் ஆப்தான் சரியில்லை" என்று ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பார்வைக்குத் தெரிவதை வைத்துத்தானே யாரும் முடிவெடுப்பார்கள்.

மாத்திரை அலாரம் போனால் ஒரு வேளை தவறும். தோலில் ஒட்டிய சென்சாரிலிருந்து சர்க்கரை அளவை நிமிடக் கணக்கில் வாங்கி, அபாயமாக இறங்கினால் தூக்கத்திலிருந்து எழுப்பும் செயலிகள் இருக்கின்றன. அவற்றின் நிலைமையை யோசியுங்கள். சர்வர் விழுந்தால் பணியில் இருக்கும் பொறியாளரை எழுப்பும் செயலிகள், ஓட்டப் பயிற்சியின் பாதையைப் பதியும் செயலிகள் என எல்லோருடைய உதவிப் பக்கத்திலும் 'உங்கள் போனில் இதை இப்படி மாற்றுங்கள்' என்று ஒரு நீண்ட பட்டியல் இருக்கும். உறக்கத்தைக் கண்காணிக்கும் செயலி ஒன்றை எழுதிய குழுவினர், 'டோன்ட் கில் மை ஆப்' என்று ஒரு தளத்தையே தொடங்கி, எந்த நிறுவனத்தின் போன் எவ்வளவு மோசம் என்று வரிசைப்படுத்திவைத்திருக்கிறார்கள். அந்த வரிசையில் உங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்று பார்த்திருப்பீர்கள்.

ஐபோன் இன்னும் இறுக்கமானது என்று நீங்கள் பதில் சொல்லலாம். உண்மைதான். 2020இல் கொரோனா தொடர்பறியும் செயலிகள் வந்தபோது, சிங்கப்பூரின் டிரேஸ்டுகெதர் ஐபோனில் திரையில் திறந்தே இருந்தால்தான் சரியாக வேலை செய்தது. ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து இயங்குதளத்துக்குள்ளேயே தனி வசதி செய்ய வேண்டியிருந்தது. அரசாங்கத்துக்கே அந்தக் கதி. ஆனால் ஐபோனில் விதி ஒன்றுதான், எல்லா ஐபோனிலும் அதே விதி. உடல்நலம், பாதுகாப்பு சார்ந்த செயலிகள் விண்ணப்பித்தால், போன் அமைதி நிலையில் இருந்தாலும் ஒலிக்கும் அவசர எச்சரிக்கைக்கு 2018 முதலே வழி வைத்திருக்கிறார்கள். இறுக்கத்தை என்னால் சமாளிக்க முடியும். நேற்று ஒரு மாதிரி, இன்று ஒரு மாதிரி என்பதைத்தான் முடியவில்லை.

நான் கேட்பது புதிதாக எதுவும் இல்லை. கூகுளின் சேவைகளோடு ஆண்ட்ராய்டு போனை விற்க நீங்கள் ஏற்றுக்கொள்ளும் இணக்க வரையறை ஆவணத்திலேயே, தயாரிப்பாளர் சொந்தமாக வைக்கும் கட்டுப்பாடுகள் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. எந்தெந்தச் செயலிகள் கட்டுப்படுத்தப்பட்டிருக்கின்றன என்பதைப் பயனர் பார்க்க முடிய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அதை நீக்கவும் போடவும் வசதி வேண்டும். செயலி மோசமாக நடந்துகொண்டதற்கான சான்று இல்லாமல் தானாகக் கட்டுப்படுத்தக் கூடாது. பயனர் கையால் நீக்கியதை மறுபடி தானாகப் போடக் கூடாது. தானாகப் போட்டால் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். இவை எல்லாம் அதில் உள்ளவைதான். நீங்கள் ஒப்புக்கொண்டதைச் செய்யுங்கள் என்றுதான் எழுதுகிறேன்.

அதற்கு மேல் என் பங்குக்குச் சில விருப்பங்கள் உண்டு. பேட்டரி விலக்கு என்று ஆண்ட்ராய்டு காட்டும் அந்த ஒரே பெட்டியில் 'அனுமதி' தட்டினால், உங்கள் ஆட்டோஸ்டார்ட், பூட்டு, உறக்கப் பட்டியல் எல்லாம் அதற்குக் கட்டுப்படட்டும். அப்டேட்டுக்குப் பிறகும் அந்தச் சம்மதம் நீடிக்கட்டும். பயனர் தாமே வைத்த அலாரம் நிலுவையில் இருக்கும் செயலியைத் தொடாதீர்கள். தொட்டே ஆக வேண்டுமென்றால், "இதை நிறுத்துகிறோம், இது வைத்த அலாரங்கள் இனி அடிக்காது" என்று ஒரு வரி காட்டுங்கள். கடைசியாக ஏன் நின்றது என்று செயலி கேட்டறியும் வசதியை ஆண்ட்ராய்டு 11 தந்திருக்கிறது. உங்கள் சிக்கனக் கருவிதான் நிறுத்தியது என்றால் அங்கே அதை உள்ளபடி எழுதுங்கள். புகார் வரும்போது நானும் பயனரும் ஒருவரையொருவர் சந்தேகிப்பதாவது நிற்கும்.

முடியாத காரியமும் இல்லை. ஆண்ட்ராய்டு 14இன் விதிப்படி எழுதிய ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ்கள், சாம்சங் போன்களின் மென்பொருளான ஒன் யூஐயின் 6ஆம் பதிப்பு முதல் எதிர்பார்த்தபடி இயங்கும் என்று 2023இல் கூகுளும் சாம்சங்கும் சேர்ந்து அறிவித்தன. மற்ற நிறுவனங்களும் அப்படி ஒரு உறுதியை எழுத்தில் தரலாம். கூகுள் குழுவினர் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஆவணத்தில் எழுதிய விதியை இணக்கச் சோதனையில் கடுமையாகச் சோதியுங்கள். தேறாத போனைத் தேறாது என்று சொல்லுங்கள்.

உங்கள் ஆய்வகத்தில் நாளையே செய்யக்கூடிய ஒரு சோதனையைச் சொல்லி முடிக்கிறேன். விற்பனைக்குப் போகும் அதே மென்பொருளுள்ள போன் ஒன்றை எடுங்கள். விலக்குப் பட்டியலில் இல்லாத, யாருக்கும் தெரியாத ஒரு சிறிய செயலியை நிறுவுங்கள். அது கேட்கும் அனுமதிகளைக் கொடுத்து, காலை ஏழு மணிக்குத் தினசரி அலாரம் வையுங்கள். அண்மைத் திரையில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, சார்ஜரைக் கழற்றி, போனை மேசையில் போடுங்கள். ஒரு வாரம் அந்தச் செயலியைத் திறக்கவே வேண்டாம். சார்ஜ் குறைந்தால் மட்டும் ஏற்றிக்கொள்ளுங்கள். எந்தெந்த நாள் அடித்தது என்று குறித்து, அந்தத் தாளைப் பேட்டரி நேரத்தின் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்து உங்கள் மேலாளரிடம் காட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் போன்களுக்குச் செயலி எழுதும் ஒருவன்